சக்கரத்துக்கு முன்னால் வெட்டிய குழி

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய வேப்பெண்ணெய் வாசனை இன்று காலையில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுப் பெண் கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்தபடி திருகாணி முடுக்குகிறாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லையாம், அம்மாக்காரி தேய்த்துவிடுகிறாள். நான் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். வாசனை பட்டதும் கை நின்றுவிட்டது. உங்கள் முதுகில் எந்த இடத்தில் எலும்பு மேடாக நிற்கும் என்பது என் உள்ளங்கைக்கு இன்னும் தெரிகிறது.

ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலம் அது. கேட்டுக்குள் தோட்டம் வைத்தார்கள், தோட்டத்துக்குப் பூந்தொட்டி கேட்டார்கள். அதுவரை சூளகிரிச் சந்தைக்குச் சட்டியும் குடமும் வனைந்துகொண்டிருந்த நீங்கள் பெரிய தொட்டிகளில் இறங்கினீர்கள். சட்டிக்குக் குனிவது வேறு, தொட்டிக்குக் குனிவது வேறு. தரையோடு கிடக்கும் சக்கரத்தின் மேல் குந்தி உட்கார்ந்து, முழங்கை வரை உள்ளே விட்டு மண்ணை மேலே இழுக்க வேண்டும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது முதலில் கையை ஊன்றுவீர்கள், பிறகு முட்டியை, அதற்குப் பிறகுதான் ஆள் நிமிர்வீர்கள். ஒருநாள் நிமிரவே இல்லை.

கிருஷ்ணகிரியில் டாக்டர் உங்கள் காலைத் தட்டிப் பார்த்தார். "உட்கார்ற விதத்த மாத்தணும். இப்படியே குனிஞ்சிட்டிருந்தா கால் மரத்துப்போயிடும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் சிரித்தீர்கள். "குனியாத குயவன அவரு எங்க பாத்தாராம்? சக்கரம் எந்திரிச்சு மேல வருமா புள்ள?"

வராதுதான். மஞ்சள் குங்குமம் வைத்துப் பூமியில் நட்ட அச்சை நம் வீட்டில் யாரும் பிடுங்குவதில்லை. எனக்கு என் அம்மா வீட்டுத் தெரு நினைவுக்கு வந்தது. அங்கே நெசவுக்காரர்கள் தறிக்கு முன்னால் குழி வெட்டி, காலை அதற்குள் தொங்கவிட்டு, நாற்காலியில் இருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து நெய்வார்கள். "சக்கரத்தத் தூக்க வேணாங்க. நீங்க கீழ எறங்குங்க" என்றேன்.

சக்கர விளிம்புக்கு அடியில் கால் போகும்படி நாம் இரண்டு பேருமாகக் குழி வெட்டினோம். எட்டிப்பார்த்த ஒருத்தி, "உசுரோட இருக்கறவனுக்குப் பொண்டாட்டியே குழி எடுக்கறா பாரு" என்றாள். நீங்கள் விடவில்லை. "வேற எவன் எனக்கு இவ்ளோ அளவு பாத்து எடுப்பான்?"

அந்த ஒரு கோடைதான் நீங்கள் நன்றாக இருந்தது. உங்கள் அண்ணன் கோல் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். நீங்கள் முழங்கையைத் தொடையில் ஊன்றி, தோளை இறக்கி, மூச்சு வாங்காமல் வனைவீர்கள். மண்ணை முன்னைவிட இளக்கமாகப் பிசையச் சொன்னீர்கள். கெட்டி மண்ணோடு கை மல்லுக்கட்டினாலும் அடி வாங்குவது முதுகுதான் என்றீர்கள். நான் அடுப்படியில் முருகன் பேர்களை ஒரு சுற்று சொல்லி முடித்ததும், "எந்திரிங்க" என்று குரல் கொடுப்பேன். எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்துவிட்டு மறுபடி உட்காருவீர்கள். "இவ சாமி எனக்கு சூப்பர்வைசர் ஆயிட்டாருண்ணா. டீ டைம்தான் தரமாட்டேங்கறாரு" என்று சொல்வீர்கள். அண்ணன் கோலைப் பிடித்தபடி சிரிப்பார்.

மழைக்காலத்தில், எத்தனையோ வருஷம் காத்திருந்து உங்கள் அண்ணன் பெண்டாட்டி, அக்காவின் வயிற்றில் தங்கிய பிள்ளை செத்துப் பிறந்தது. ஜூஜுவாடியிலிருந்து வந்த அக்காவின் அம்மா, நம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சக்கரத்தின் முன்னால் வந்து நின்றாள். "இது வாயத் தெறந்துட்டு இருக்குது. கேட்டுச்சு, வாங்கிக்குச்சு" என்றாள். பாயில் கிடந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேடாம்மா, அந்தக் குழி பேடா, மூடச் சொல்லு." அவளுக்கு அழுகை வந்தால் வேண்டாம் என்பதுகூட அம்மா வீட்டுக் கன்னடத்தில்தான் வரும்.

நான் கோயிலுக்கு ஓடினேன். "கால் வெக்கத் தோண்டுனதுல என்னம்மா தோஷம்?" என்றார் பூசாரி. திருநீற்றை மடியில் முடிந்துகொண்டு வந்து பார்த்தால், உங்கள் அண்ணன் மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். எதிரில் இன்னொரு மண்வெட்டியோடு நீங்கள்.

"தோஷமில்லன்னுட்டாருங்க."

"சாமியக் கேட்ட. எங்கண்ணனக் கேட்டியா?"

"உங்க முதுகு?"

"அவன் புள்ளையப் பொதச்சிட்டு வந்திருக்கான். எனக்கு முதுகு வலிக்குதுன்னு நான் எந்த வாயால சொல்லட்டும்?"

சொல்லவே இல்லை நீங்கள். மறுபடி குந்தி உட்கார்ந்தீர்கள். நான் "எந்திரிங்க" என்றால், "இந்தத் தொட்டி முடியட்டும்" என்பீர்கள். முதலில் இடது கால் கட்டைவிரல் மரத்தது. பிறகு செருப்பு நழுவுவது தெரியாமல் நடந்தீர்கள். டாக்டர் சொன்னது ஒன்றுகூடத் தப்பாமல் வந்தது. கடைசி வருஷங்களில் கோயில் மணிச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்று கும்பிட முடியவில்லை. படுக்கைப் புண்ணைத் துடைக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். சாம்பல் நிறத்தில் ஒரு விடியலில், அப்படித் திரும்பின முகம் திரும்பின மாதிரியே இருந்தது.

நீங்கள் போன பிறகு உங்கள் அண்ணன் கரண்ட் சக்கரம் வாங்கினார். கூடவே ஒரு ஸ்டூல். இரண்டுக்கும் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். அதில் யாரும் தோஷம் பார்க்கவில்லை. முதல் நாள் வேலை முடிந்து எழுந்தவர், "முதுகுல ஒண்ணுமே தெரியலம்மா. இப்படி ஒக்காந்தா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றுகிறேன். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் எல்லாம் அவன் செயல் என்று சொல்லிப் பழகிய வாய் இது. உங்கள் காரியத்துக்கு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான் தலையாட்டவில்லை. இன்றைக்கும் சாமி முன்னால் நிற்கும்போது மற்ற எல்லாவற்றையும் அவர் காலடியில் வைத்துவிடுகிறேன். உங்கள் முதுகை மட்டும் வைப்பதில்லை. அதை அவர் ஒடிக்கவில்லை.