கட்டுக்குள் வைத்த மஞ்சள்

1944 ஆகஸ்ட் 12, சனி

இதை எழுதினால் எவனும் நம்பப்போவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியே என் அக்கா மகள் தாட்சாயிணியின் காலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. வாந்திபேதியில் வாழைநாராய்க் கிடந்தவள். டாக்டர் கணுக்காலில் கீறி, ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகிக் கட்டுப் போட்டார். கம்பியில் தொங்கும் புட்டியிலிருந்து உப்புநீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகிறது. மாலையில் கண் விழித்து, "மாமா, நாக்கு ஒட்டுது" என்றாள். வைத்தியமே என் யோசனைதான் என்று வார்டு முழுக்க அளந்தேன்.

கட்டை யாரும் தொடக்கூடாது, நனைக்கக்கூடாது, நானே ஸ்பிரிட்டில் கை கழுவித்தான் தொடுவேன் என்கிறாள் நர்ஸ் அன்னம்மாள். எனக்கா சொல்கிறாள்!

ஆகஸ்ட் 13

அம்மன் கோயில் மஞ்சள் வந்தது. எங்கள் வீட்டில் எந்த வெட்டுக்காயம் மஞ்சள் வைக்காமல் ஆறியது? நர்ஸ் நகர்ந்ததும் கட்டைத் தளர்த்தி, குழாய் நுழையும் இடத்தில் குழைத்து அப்பி, பழையபடி கட்டிவிட்டேன். லண்டன் டாக்டர்கூட இவ்வளவு அழகாகக் கட்டமாட்டான்.

ஆகஸ்ட் 15

காய்ச்சல். நோயின் மிச்சம்தான், குழாய் இன்னும் இருக்கட்டும் என்றார் டாக்டர். "எரியுது மாமா" என்று அவள் காலைக் காட்டினாள். நான் போர்வையை இழுத்து மூடினேன்.

மூடினேன்.

ஆகஸ்ட் 16

கட்டுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு முழங்காலை நோக்கி ஏறுகிறது. மஞ்சள் வைத்ததை அக்காவிடம் சொல்லிவிட்டேன். "உன் புளுகுக்கு இதான் நேரமா, சம்பத்து? அந்தாண்ட போ" என்றாள். வைசிராய் என்னிடம் வழி கேட்டார் என்று போன வாரம் சொன்னவனை எவள் நம்புவாள்?

நர்ஸிடம் ஓடினேன். "அவுத்துப் பாரும்மா. உள்ள மஞ்சள் கீது. நான்தான் வெச்சேன்."

அவிழ்த்தாள். மஞ்சளும் சீழும். என்னை அவள் பார்க்கவேயில்லை. டாக்டர் உடனே குழாயை உருவிவிட்டார். "நேரா ரத்தத்துக்குப் போற வாசல் ஐயா அது. அழுக்கும் அதே வழியாத்தான் போகும். நேத்தே சொல்லியிருந்தா—"

ஆகஸ்ட் 18

அவள் காலையே வெட்டி எடுக்கவேண்டி வரலாமாம். எந்த முகத்தோடு அவளருகில் உட்காருவது?

ஆகஸ்ட் 22

சிவப்பு இறங்குகிறது. மாத்திரையும் வெந்நீர் ஒத்தடமும். ஒத்தடம் நான் கொடுக்கிறேன், அன்னம்மாள் எதிரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு.

செப்டம்பர் 10

வீட்டுக்கு வந்துவிட்டாள். கணுக்கால் சரியாக மடங்கவில்லை, சாய்ந்து நடக்கிறாள். எதிர்வீட்டு வேம்புலி, "இன்னா அண்ணாத்தே, பொண்ணு காலுக்கு இன்னா ஆச்சு?" என்றான். கூவத்தில் யானைப் பருமனுக்கு ஒரு முதலை இவள் காலைக் கவ்வியது, அதன் தாடையை நான் பிளந்தேன் என்று வாய் தானாக ஓடியது. அவன் சிரித்தான். என்னைக் காட்டிக்கொடுக்காமல் தாட்சாயிணியும் சிரித்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"முதலை பொய்யிடா. என்னாலதான் இந்தக் கால் இப்டி ஆச்சு, அது ஒண்ணு மட்டும் நெஜம்."

வேம்புலி அதற்கும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.