உருண்டு வராத கற்கள்

பிப். 2, 1964. ஞாயிறு.

காலையில் நல்ல பனி. ஊர்க்காரர்களுக்கு மலையைக் காட்ட நான் கூட்டிப்போகும் ஞாயிறு நடை, ராஜகிரி அடிவாரத்தில் ஐந்தாவது. எட்டுப் பேர். வெல்லமண்டிச் செட்டியாருக்குப் புதுச் செருப்பு கடித்து நொண்டல். மலைமேல் குவிந்த குண்டுக் கற்களைக் காட்டி வழக்கமான பாடம்: ஆதியில் பெருவெள்ளம் உருட்டி வந்து போட்டது, உருண்டதால் உருண்டை, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி. முப்பது வருடம் வகுப்பில் சொன்னதுதான்.

திரும்பும்போது தாகம். அடிவார நிலத்தில் கன்னியம்மா கிணறு வெட்டுகிறாள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். மோர் தந்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் ஆழத்தில், பக்கச் சுவரில், குண்டுக் கல் ஒன்று! சுற்றிலும் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உக்கி உதிரும் பாறை. மணல் இல்லை, கூழாங்கல் இல்லை. எந்த வெள்ளம் உருட்டியது?

"இன்னா சார் அப்டிப் பாக்குறீங்க? கல்லு மண்ணுக்குள்ளயே உருண்டையாவுது. எங்க நைனா வெட்டுன கெணத்துல பாத்துட்டு அன்னிக்கே வகுப்புல சொன்னேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"மண்ணுல வெளையறதுக்குக் கல்லு இன்னா வேர்க்கடலையான்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் வகுப்புல நான் வாயே தொறக்கல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மிச்ச மோரை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பிப். 4. செவ்வாய்.

கிணற்றுக்கு மறுபடி, தனியாக. பாறையில் குறுக்கும் நெடுக்கும் விரிசல், கட்டி கட்டியாகப் பிரிக்கிறது. ஈரம் அதில் இறங்குகிறது. கட்டியின் மூலைக்கு எல்லாப் பக்கமும் ஈரம், முதலில் உக்குகிறது. நடு தப்பிக்கிறது. மேல்மண் மழையில் போய்விட்டால்? மிச்சம் குண்டுக் கற்கள், இருந்த இடத்திலேயே, ஒன்றன்மேல் ஒன்று. மலை முழுக்க அதுதானே! பேசிக்கொண்டே நடுரோட்டில் நடந்திருக்கிறேன். பஸ் ஹாரன் கேட்டு ஒதுங்கினேன்.

வாங்க: அச்சு வெல்லம், கால்வலித் தைலம்.

பிப். 8. சனி.

வெல்ல அச்சு ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டேன். மூலைகள் முதலில் கரைந்தன. கொஞ்ச நேரத்தில் உருண்டை. பிரமாதம்! நான்கு அச்சு காலி.

மனைவி ருக்மணி: "பாயசத்துக்கு வச்சதையெல்லாம் பாறையாக்குங்க. நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி, சொல்லிக்குடுத்தது தப்புன்னு சொல்லப் போறீங்களா?"

"ஆமா."

"செட்டியார் கடைத்தெரு பூரா சொல்வாரு."

சொல்லட்டும். அன்று வகுப்பில் கன்னியம்மாவைப் பார்த்துச் சிரித்த இருவர் நாளையும் வருகிறார்கள்.

பிப். 9. ஞாயிறு.

பனி இல்லை, சுள்ளென்று வெயில். பதினோரு பேர். நேரே கிணற்றடிக்கு. சொல்லிவிட்டேன். நான் கற்பித்தது தப்பு. பத்து வயதில் கன்னியம்மா சொன்னது சரி. அவளைக் கேலி செய்தது அதைவிடத் தப்பு. டம்ளரில் வெல்லத்தையும் காட்டினேன்.

செட்டியார்: "அடப்பாவமே வாத்தியாரே, என் பேரனுக்கு வெள்ளக் கதையைச் சொல்லி வச்சிருக்கேனே!"

"போய் மாத்திச் சொல்லுங்க."

கன்னியம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வெல்லம் கரையுது சரி. தோலு எங்க முடியுது, கல்லு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுமா? எறங்குங்க."

ஏணியில் அவள் முதலில், பின்னால் நான், எனக்குப் பின் ஒவ்வொருவராக எல்லோரும். சுத்தியலைக் கையில் கொடுத்தாள். தட்டினேன். பொத்தென்றது.

"அது தோலு. இன்னும் உள்ள."

தட்டினேன். கிண்ணென்றது! அரை மணி நேரம் விடாமல் பேசினாள். எந்த நிறப் பாறையில் ஈரம் நிற்கும், எந்த விரிசல் அடுத்து அகலும், எல்லாம். நான் நோட்டில் எழுத எழுத, அவள் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்கவில்லை.

"மெதுவாச் சொல்லும்மா."

"மெதுவாத்தான் சார் சொல்றேன். யோவ் செட்டியாரே, சுவத்துல சாயாதீங்க, உதிருது! இங்க பாருங்க எல்லாரும்..."