டிரம்கீல் பெட்டியில் தொண்ணூற்று நான்கு

டிரம்கீல்,
மார்ச், இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள டோனலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். பாஸ்டன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு முறை படித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன், அவர் படித்து முடித்துக் கன்றுக்குட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார். கட்சியின் வட்டாரச் செயலாளர் உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஊருக்குத் திரும்பி வா, அடுத்த தேர்தலில் மலாக்கி பெரியப்பாவின் இடத்தில் நீ நில் என்று கேட்டாராம், ஈஸ்டருக்குள் பதில் வேண்டுமாம். என்ன சொல்லட்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். ஐந்து வருடம் காத்திருந்து இப்போதுதான் அங்கே நிரந்தரமாக வேலை செய்ய உனக்குக் காகிதம் வரப்போகிறது. அது கைக்கு வருமுன் அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. செயலாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, உனக்குத் தெரியும். ஆகவே இங்கே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்.

முதலில் இந்தத் தொகுதி என்பது என்ன என்று தெரிந்துகொள். இருபத்தைந்து வருடமாக நான் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித் தருகிறேன், நம் தொகுதியின் எல்லையை மட்டும் கரும்பலகையில் வரையத் துணிந்ததில்லை. உன் அப்பா ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் தூங்கி எழுந்தே நான்கு தொகுதிகளில் வாக்களித்துவிட்டார். கல்யாணமான புதிதில் நம் மாவட்டமே ஒரு தொகுதி. பிறகு ஒரு மந்திரி தன் ஆட்களுக்கு வசதியாகப் பென்சிலை எடுத்து வடக்குப் பாதியை வெட்டிக் கொடுத்தார். அடுத்து வந்தவர் தன் ஆட்களுக்கு வசதியாக நம்மைக் கடற்கரை மீனவர்களோடு ஒட்டினார். அவர்களுக்கு மாடு தெரியாது, நமக்கு மீன் தெரியாது. இப்போது மந்திரியின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி நீதிபதி தலைமையில் ஒரு குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் வசதி பார்க்காமல், தலைகளை எண்ணி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பாலிநேரியோடு நம்மைச் சேர்த்துவிட்டார்கள். நம்மூர் விவசாயி பாக்கி லாவினின் பசுக்கள் மேயும் வயல் ஒரு தொகுதி, அவற்றைக் கறக்கும் கொட்டகை இன்னொரு தொகுதி. லாவின் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிட்டார். நேர்மையாகப் போட்ட கோடும் அயோக்கியத்தனமாகப் போட்ட கோடும் வயலில் நின்று பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கின்றன.

உன் தாத்தாவின் பெருமையை அந்தச் செயலாளர் உனக்கு எடுத்துச் சொல்லியிருப்பார். பதினெட்டு வருடம் டப்ளின் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார், அது உண்மை. அங்கே அவர் பேசியது ஒரே விஷயம், நம் ஆற்றில் மண்டும் களையை அகற்ற வேண்டும் என்பது. களை இன்னும் இருக்கிறது. அவர் ஜெயித்தது பேச்சால் இல்லை, சாவு வீடுகளால். வாரத்துக்கு மூன்று அடக்கத்தில் நிற்பார், செத்தவரின் பெயரை மறந்தாலும் உறவுக்காரர்களின் பெயரை மறக்க மாட்டார். பெரியப்பா அவரிடமிருந்து இடத்தோடு, அடக்கத்துக்குப் போட்டுப்போகும் அந்தக் கறுப்புக் கோட்டையும் எடுத்துக்கொண்டு மூன்று தேர்தல் ஜெயித்தார். யாருக்கோ ஓய்வூதியம், யாருக்கோ தொலைபேசி இணைப்பு, எல்லாம் சட்டப்படி தானாகவே வந்திருக்க வேண்டியவை. தான் வாங்கிக் கொடுத்ததாக அவர் கடிதம் போடுவார், நம் ஜனங்களும் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக வைத்திருப்பார்கள்.

ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஜெயிக்கிற இந்தப் புதுத் தொகுதியில் இந்த முறை கட்சி இரண்டு பேரை நிறுத்தியது. இக்கரைக்குப் பெரியப்பா, அக்கரைக்குப் பாலிநேரியில் ஏலக்காரராக இருக்கும் ஹ்யூபர்ட் கீவனி. நம் வாக்குச்சீட்டில் ஒருவர் பெயருக்கு நேரே ஒன்று என்று எண் போட்டால்தான் அது அவருக்கு வாக்கு. இரண்டு என்பது முதல் ஆள் ஜெயித்தோ தோற்றோ வெளியேறிய பிறகு கையில் விழுகிற மிச்சம் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு ஒரு பேச்சு கிளம்பியது: மலாக்கி ஜெயித்தாயிற்று, தேவைக்கு மேலேயே எண்ணூறு வாக்கு இருக்கிறது, வீணாகப் போகும். யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள், கடவுளுக்கே வெளிச்சம். உடனே கட்சியிலிருந்து டிரம்கீலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதம்: இந்தத் தேவாலயப் பங்கில் இருப்பவர்கள் ஒன்றைக் கீவனிக்கும் இரண்டை மலாக்கிக்கும் போடவும். அடியில் யாருடைய கையெழுத்து தெரியுமா, பெரியப்பாவுடையதே. தனக்கு வாக்கு மிஞ்சிவிட்டது என்று கேட்பது மனிதனுக்கு எவ்வளவு போதையாக இருக்கிறது! வீடு வீடாகப் போய், "எனக்குப் போதும்பா, நிறைஞ்சு வழியுது. அந்த ஹ்யூபர்ட் பாவம், அவனுக்கு ஒரு கை கொடுங்க" என்று தர்மப் பிரபு மாதிரி சொல்லிவிட்டு வந்தார். நம் வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். அப்பா மட்டும், "அண்ணே, வாக்கு பெட்டிக்குள்ள விழறவரைக்கும் அது உங்களுது இல்ல" என்றார். "நீ எப்பவும் இப்படித்தான்டா, கொட்டகையிலேயே கிட" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வாக்கு எண்ணும் அன்று அப்பாவுக்குத் துணையாக நானும் பாலிநேரி மண்டபத்துக்குப் போனேன். உனக்கு ஞாபகமிருக்கும், பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரிக்கும்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு, யாருக்கு ஒன்று விழுந்தது என்று அட்டையில் பென்சிலால் கோடு கிழித்து எண்ணுவார்கள். நம் பெட்டிக்கு லாவின் தான். வாழ்நாளில் புத்தகம் எதையும் கையால் தொடாத மனிதர், அந்தத் தடுப்பில் சாய்ந்து நிற்கும்போது மட்டும் பல்கலைக்கழகப் பேராசிரியரே தோற்றுப்போவார். டிரம்கீல் பள்ளிப் பெட்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. கீவனிக்கு நூற்று எழுபத்தொன்று, பெரியப்பாவுக்குத் தொண்ணூற்று நான்கு, மீதி மற்றவர்களுக்கு. லாவின் தன் அட்டையை இரண்டு முறை எண்ணிவிட்டு, "மலாக்கி அண்ணே, நம்மாளுங்க உங்க சொல்லைக் கேட்டுட்டாங்க. ஒருத்தன் விடாம கேட்டுட்டாங்க" என்றார். அது பரிகாசமா அனுதாபமா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இக்கரையில் எல்லாப் பெட்டியும் அதே கதை. அக்கரையில் பெரியப்பாவுக்கு ஒன்று போடச் சொல்லி யாருக்கும் கடிதம் போகவில்லை. ஐந்தாம் சுற்றில், எதிர்க்கட்சி ஆளுக்கு முப்பத்தெட்டு வாக்கு பின்னால், பெரியப்பா வெளியேறினார். அவருடைய சீட்டுக் கட்டுகளைத் தூக்கி, அவற்றில் இரண்டு போட்டிருந்த கீவனியின் பக்கம் வைத்தார்கள், அதில் கீவனி ஜெயித்தார். பாலிநேரிக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். அவர் கனமான ஆள், ஒரு முறை கீழே போட்டார்கள், அது ஒன்றுதான் எனக்கு அன்று சந்தோஷம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இப்போது கேட்டால் டிரம்கீலில் கீவனிக்கு ஒன்று போட்டவர் ஒருவரும் இல்லை. தபால் நிலையத்தில் நான் நிற்கும்போதே நம்மூர் அட்ராக்டா பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, சத்தியமா சொல்றேன், அந்த லெட்டரை அடுப்புலதான் போட்டேன். என் ஒண்ணு உங்களுக்குத்தான். யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு. பூசை முடிந்து வெளியே வந்தால் வரிசையாக நின்று இதையே சொல்கிறார்கள். மூன்று வாரம் பெரியப்பா நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நேற்று, சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அப்பா வெளியே வேலையாக இருந்தார். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், குடிக்காமல் உட்கார்ந்து, "நுவாலா, இதுவரைக்கும் முந்நூத்தி நாப்பது பேரு எனக்கு ஒண்ணு போட்டிருக்காங்க. பெட்டியில இருந்ததே முந்நூத்திப் பன்னெண்டு சீட்டு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் படித்தவள், எதையும் நம்பாதவள், ஊரில் எனக்கு அப்படித்தான் பெயர். ஆனால் அந்த எண்ணூறை நான் நம்பினேன், டோனல். கடிதத்தில் சொன்னபடி ஒன்றைக் கீவனிக்குப் போட்டேன், இதில் நாமும் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டலாமே என்று நினைத்தேன். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்பாடா, ஒருத்தியாவது கிடைச்சா" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

உன் விஷயத்தையும் சொன்னேன். அவருக்குத் தெரியாது, அவருடைய நாற்காலியை அவரைக் கேட்காமலே உனக்குக் கொடுக்கிறார்கள். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பையன் காகிதத்தை விட்டுட்டு வருவானா? வந்தா வரட்டும். எல்லாரும் அவனுக்கும் ஒண்ணுதான் போடுவாங்க, வாயால" என்றார். பிறகு அப்பா உள்ளே வந்தார், அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆற்றில் தண்ணீர் ஏறியிருப்பதைப் பற்றிப் பேசினார்கள். அதுவே எனக்குப் போதும் என்று இருந்தது.

இனி நான் சொல்ல வேண்டியது. உன் மேல் ஆசை வைத்து அவர்கள் கூப்பிடவில்லை. இக்கரை வாக்கைக் கீவனிக்குத் திருப்பிவிட அவர்களுக்கு நம் வீட்டுப் பெயர் மறுபடி வேண்டும். அடுத்த தேர்தலுக்குள் எல்லைக் கோட்டை இன்னொரு முறை நகர்த்தினால் அதற்கும் உன் பெயர் வேண்டாமல் போகும். ஆகவே வராதே என்பதுதான் என் பதில். காகிதத்தை வாங்கு, பிறகு கோடைக்கு லீவில் வா, அப்பாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அவர் சொல்ல மாட்டார். இதையும் மீறி நீ வந்து நின்றால், நான் பிரசாரத்துக்கு வர மாட்டேன், யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டேன். நீ ஜெயித்தாயிற்று என்று ஊரே சேர்ந்து வந்து சொன்னாலும் உன் பெயருக்கு நேரே ஒன்று போடுவேன். வேறு எந்த வாக்குறுதியும் இந்தத் தொகுதியில் என்னால் தர முடியாது.

கடவுள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும், அங்கே நீ வேலை பார்த்துக் கட்டுகிற பாலங்கள் நிலைக்கட்டும். செயலாளருக்குப் பதிலைத் தொலைபேசியில் சொல்லாதே, எழுதி அனுப்பு, நகல் ஒன்று வைத்துக்கொள். பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, நீண்டதாகப் போடு. தேர்தலைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா
நுவாலா