சிவப்பு அங்கியின் தையலைப் பிரிக்கும் முன்

நேற்றுச் சபைச் செயலாளர் கடைக்கு வந்து கிறிஸ்மஸ் தாத்தா அங்கியை என் தையல் மெஷின்மேல் வைத்தார். "புதுத் தாத்தா கொஞ்சம் அகலமான ஆளுங்க. பக்கத்துத் தையலைப் பிரிச்சு உட்டுருங்க. நாளானைக்குச் சாயங்காலம் ஊடு ஊடாப் பாடக் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்போணும்" என்றார். கூடவே ஒரு பையில் முகமூடி. அவர் படியிறங்கிய பிறகு பையைத் திறந்தேன். பஞ்சுத் தாடியிலிருந்து நீலகிரித் தைலம் குப்பென்று மூக்கில் ஏறியது. அடிப்பாவி, ஒரு வருடம் சபை பீரோவில் பூட்டிக் கிடந்தும் உன் வாசனை போகவில்லையே!

ரப்பர் நாற்றம் குமட்டுகிறதென்று தாடிக்குள் தைலம் தடவியது நீதான். "மூச்சு உடோணுமில்ல புள்ள? தாத்தா பாதி மேட்டுல மயங்கி உழுந்தா கொழந்தைங்க பயந்துக்கும்" என்பாய். எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்து, தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் வேலைக்குப் போய், ஞாயிறானால் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள் நீ. குன்னூர் சபையில் நம் இரண்டு பேர் தோளும் உரசாத பாட்டு எது?

முன்பு தாத்தா வேஷம் போட்ட உயரமான அண்ணன் ஓய்வு பெற்றுச் சமவெளிக்குப் போன வருடம், எஸ்டேட் மேடெல்லாம் ஏறி இறங்க ஆம்பிளை யாரும் முன்வரவில்லை. நீ கையைத் தூக்கினாய். கமிட்டி சிரித்தது. கடைசியில், "மொகந்தான் தெரியாதே, பரவால்ல" என்று ஒத்துக்கொண்டார்கள். முகம் தெரியாதவரைக்கும் உனக்கு அனுமதி. அன்றைக்கு அது நமக்கு உறைக்கவில்லை. நான் சந்தோஷமாக அங்கியின் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து உன் அளவுக்குச் சுருக்கினேன்.

என்ன ஆட்டம் ஆடினாய்! நம் வாலிபர்கள் சினிமாக் குத்து மெட்டில் பாட்டுக் கட்டி டிரம்ஸ் அடிக்க, சிவப்புக் குல்லாய் ஒரு பக்கம் சாய, லயன் வாசலெல்லாம் அதிர்ந்தது. சாமி கும்பிடுகிற வீட்டுக்காரர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். போதகர் ஐயா ஒருநாள், "மெட்டு கொஞ்சம் அடக்கமா இருக்கக் கூடாதாம்மா?" என்றார். நீ விடவில்லை. "மெதுவாப் பாடினா இந்தக் குளுருல எவன் போர்வைய உட்டு வெளிய வருவானுங்கய்யா? மெட்டு சினிமாவுதுதான். பொறந்திருக்கறவரு நம்மவரு இல்லீங்களா?" ஐயா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இந்த ஆட்டத்தைவிட எனக்கு மறக்காதது வேறு. அந்த வருடத்தில் சாவு விழுந்த வீட்டுக்குக் கேரல் போவதில்லை என்பது நம் சபை வழக்கம். வாசலில் நட்சத்திர விளக்கு தொங்காது, நாமும் சத்தம் காட்டாமல் தாண்டிப் போய்விடுவோம். உனக்கு அது ஆகாது. "துக்க ஊட்டுக்குத்தான் தாத்தா மொதல்ல போவோணும்" என்று எங்களை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போவாய். பாட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது. கொஞ்ச நேரம் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவாய். வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றி, உட்புறத்தைச் சேலைத் தலைப்பால் துடைப்பாய். பல் கிட்டுகிற குளிரில் என்னடி துடைக்கிறாய் என்று கேட்டால், "வேர்வை புள்ள" என்பாய். நானும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன், ஊட்டிப் பனியிலும் இவளுக்கு வேர்க்குமாம் என்று.

போன கிறிஸ்மஸில் அருவங்காட்டில் ஒரு பெரியவர் வீட்டுக்கும் அப்படித்தான் போனாய். அவர் மனைவி போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. திரும்பக் கிளம்பும்போது அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். "என்ற ஊட்டுக்காரி இருந்திருந்தா உங்கள ஆடாம உட்டிருக்க மாட்டா. அவளுக்காவ ஒரு ஆட்டம் ஆடுங்க கண்ணு" என்றார். நீ ரோட்டில் நின்ற எங்களைப் பார்த்துக் கையசைத்தாய். டிரம்ஸ் விழுந்தது. ஆடி முடித்ததும் அவர் உன் கையை விடவேயில்லை. யார் கை என்று அந்த மனிதருக்குத் தெரியட்டும் என்று முகமூடியைத் தூக்கிக் காட்டினாய். எந்த வீட்டு மாடியிலிருந்தோ ஒரு போன் ஆட்டத்தையும் முகத்தையும் வீடியோ பிடித்துவிட்டது.

விடிவதற்குள் அது ஊர் பூராவும் ஓடியது. துக்க வீட்டில் குத்தாட்டம் போடும் பெண் என்று தலைப்பு. பெரியவர் கேட்டதைக் காணோம், ஆட்டம் மட்டும் இருந்தது. பெண்பிள்ளைக்கு அடக்கம் வேண்டாமா என்றார்கள் ஒரு பக்கம். மதம் மாற்ற வந்த கூத்து என்றார்கள் இன்னொரு பக்கம். சினிமாவைச் சபைக்குள் விட்டால் இப்படித்தான் என்று நம்மவர்கள் உபதேசம் பண்ணினார்கள். இவள் சாதிக்குக் கொட்டுச் சத்தம் கேட்டால் கால் நிற்காது என்று ஒருவன் எழுதியிருந்தான். அதைத்தான் நீ என்னிடம் காட்டினாய். "மொகந்தெரியாதவன் என்னமோ எழுதிட்டுப் போறான் புள்ள. அதுக்குக் கீழ லைக் போட்டிருக்கறது யாருன்னு பாரு." பார்த்தேன். திருவிருந்தில் நம்மோடு ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிக்கிற சபைக்காரர்கள்.

நடந்ததைச் சபையில் எழுந்து சொல்லிவிடுகிறேன் என்று குதித்தேன். நீ என் வாயைப் பொத்தினாய். "சொன்னா என்ன ஆவும்? போனத் தூக்கிட்டு அந்த மனுசன் ஊட்டுக்குப் போவாங்க. நீங்கதான் ஆடச் சொன்னீங்களான்னு கேப்பாங்க. பொண்டாட்டி செத்து அவரு இன்னும் வாய்விட்டு அழுவக்கூட இல்ல. அவர இதுக்குள்ள இழுக்காத." அடுத்த ஞாயிறு, ஆராதனையில், கமிட்டி சொன்னபடி எழுந்து நின்றாய். "என்னால சபைக்குத் தலைகுனிவு வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க" என்றாய். உன் குரல் நடுங்கவில்லை. அதற்கப்புறம் நீ பாடகர் வரிசைக்கு வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய், ஆசீர்வாதம் முடிவதற்குள் எழுந்து போனாய். ஏன்டி இப்படி ஓடுகிறாய் என்றால் பஸ் போய்விடும் என்பாய். பஸ் எத்தனை மணிக்கென்று எனக்குத் தெரியாதா?

ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உன்னைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள். மலையிறக்கத்தில் பர்லியார் தாண்டும் முன்பே நீ போய்விட்டாய். அடக்க ஆராதனைக்குக் கமிட்டி பூராவும் வந்திருந்தது. மெதுவான பாட்டாகப் பார்த்துப் பாடினார்கள். "மறைந்த சகோதரி மிகவும் அமைதியானவர்" என்று ஒருவர் பேசினார். நீயா! பெட்டிக்குள்ளிருந்து நீ சிரித்திருப்பாய். தாத்தா வேஷத்தைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற அருவங்காட்டுப் பெரியவர்தான் என்னிடம் வந்தார். அந்த வீடியோ விவகாரம் அவர் காதுக்கே போகவில்லை. "எங்கூட்டு வாசல்ல ஆடுச்சே, அந்தப் பொண்ணு தானுங்களா?" ஆமாங்க என்றேன். "அன்னிக்கு ராத்திரிதானுங்க என்ற ஊட்டுக்காரிக்காவ நான் அழுதேன். அதுவரைக்கும் அழுவ வரல" என்றார். உனக்குத் தெரியாமலே நீ காப்பாற்றிக் கொடுத்த அழுகை அது. அதை நான் எந்தக் கமிட்டியிடம் போய்ச் சொல்வேன்?

நேற்றுச் செயலாளரிடம், உன் வீட்டுக்குக் கேரல் வருமா என்று கேட்டேன். "துக்க வீடுங்களே, இந்த வருசம் வேண்டாம்" என்றார். கோபம் தலைக்கேறியது. இன்று சாயங்காலம் கடையைச் சாத்தினேன். தையலைப் பிரிக்காமல் அப்படியே அங்கியையும் முகமூடியையும் மாட்டினேன். உன் அளவில் எனக்குப் பட்டன் எட்டவில்லை. ஊக்கு குத்திக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

உன் வீட்டு வாசலில் நட்சத்திரம் இல்லை. கதவைத் திறந்தது உன் மகள். பக்கத்தில் வந்து தாடியில் மூக்கை வைத்து அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து உன் வீட்டுக்காரர், "யாரும் வரமாட்டாங்கன்னு லைட்டுகூடப் போடலீங்க" என்று எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு உன் மகள், "ஆடுவீங்களா அத்தை?" என்றாள். எனக்கு ஆட வருமா? சேற்றில் எருமை திரும்புவதுபோல இரண்டு தடவை சுற்றினேன். களுக்கென்று சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகி என் தோளில் விழுந்தது. நான் முகமூடியைக் கழற்றவில்லை. கழற்றினால் உன் வாசனையும் போய், அவளுக்குச் சாய்ந்துகொள்ள ஆள் இருக்காது என்று அப்போதுதான் தெரிந்தது.

நாளைக்குத் தையலைப் பிரித்து அங்கியைக் கொடுத்துவிடுவேன். தாடிக்குப் புதுப் பஞ்சு வைத்துவிடுவேன். பழைய பஞ்சு என்னிடம் இருக்கும். அடுத்த வருடம் எந்த வாசலில் நட்சத்திரம் இல்லையோ அந்த வீட்டுக்கு நான் போவேன், வேஷம் இல்லாவிட்டாலும் போவேன்.

படியிறங்கி ரோட்டுக்கு வந்து முகமூடியைக் கழற்றினேன். உட்புறம் நனைந்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரத் தம்பி திரும்பிப் பார்த்து, "என்னங்கக்கா, அழுதீங்களா?" என்றான்.

"வேர்வை தம்பி" என்றேன்.