எறும்பு டாக்டர்

அன்பு மகள் வாலுவுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது.

ஆமாம், நானேதான். எப்போதும் எழுதித் தரும் பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிடவில்லை. இந்த வரிக்கு வந்து சேரவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, காவியமா எழுதுறீங்க?" என்கிறாள். கேட்டால் கேட்கட்டும்.

நீ அனுப்பிய டேப்லெட்டில் எட்டு மாதமாக எழுத்துப் படிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. கோபித்துக்கொள்ளாதே. அதை மடியில் வைத்துக் குனிந்தே படித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போய், எறும்பு ஊர ஆரம்பித்தது. நாற்பது வருஷம் கரி இஸ்திரிப் பெட்டி தூக்கிய கை. ஒரு நாள் முனகியதில்லை. சாப்பாட்டுத் தட்டின் கனம்கூட இல்லாத ஒரு பலகை அதைச் சாய்த்துவிட்டது.

மூன்று வாரம் மூச்சு விடவில்லை. டாக்டரிடம் போனால் டேப்லெட்டைத் தொடவே கூடாது என்பாரே! எழுபத்தொரு வயதில் இப்போதுதான் கடைப் பலகையும் பஸ் பலகையும் என்னோடு பேச ஆரம்பித்திருக்கின்றன. ஆனால் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தம்ளர் கைநழுவி அம்மாவின் காலில் விழுந்தது. அதோடு குட்டு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் வழி கேட்கலாம் என்றாள் அம்மா. நான் படித்தே கண்டுபிடிப்பேன் என்றேன். மூன்றாவது கதவில் இருந்த பலகையை எழுத்துக்கூட்டினேன். எறும்பு மருத்துவர். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் நோய்க்கென்றே ஒரு டாக்டரா! சீட்டு கொடுக்கும் பெண்ணிடம் போய், "எறும்பு டாக்டரைப் பார்க்கணும்மா" என்றேன். அவள் பேனாவைக் கீழே போட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "அது எலும்புங்க, எலும்பு!" என்றாள். காத்திருந்த கூடம் முழுவதும் சிரித்தது. ஒருவர் கட்டுப் போட்ட காலை மறந்து குதித்தார்.

விஷயம் எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டது. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இந்த போர்டை இதுவரைக்கும் யாரும் நின்னு படிச்சதே இல்லீங்கய்யா, நீங்கதான் படிச்சிருக்கீங்க" என்றார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். குனிந்து குனிந்து நரம்பு அழுந்தியிருக்கிறது, கவனித்தால் சரியாகிவிடும் என்றார். (அவர் கோட்டுக் காலரை யாரோ மடிப்பு விழத் தேய்த்திருந்தார்கள். சொல்லவில்லை.) பயந்துகொண்டே, படிப்பதை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டேன். "படிக்கிறதை ஏன் விடணும்? குனியறதை விடுங்க" என்றார். மகளே, எனக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. வலது கை என்பதால் விட்டுவிட்டேன்.

இப்போது டேப்லெட் என் பழைய இஸ்திரி மேசைமேல், பெட்டியின்மீது சாய்ந்து, என் கண்ணுக்கு நேரே நிற்கிறது. அணைந்த பெட்டிக்கும் வேலை கிடைத்துவிட்டது. இருபது நிமிஷம் ஆனதும் அம்மா, "மணி அடிச்சாச்சு, எந்திரிங்க" என்கிறாள். எழுந்து தோளைச் சுற்றுகிறேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் டாக்டரம்மா எலும்பு, எறும்பு என்று இரண்டையும் எழுதி, விரல் தேறியதும் தினம் பத்துத் தடவை பேனாவால் மெதுவாக எழுதச் சொன்னார். எழுதி எழுதிக் கை துணிந்துதான் இந்தக் கடிதம். இதை எழுதி முடிக்க நான்கு நாள் ஆயிற்று.

இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது நீ மூன்று தடவை கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாய். லேப்டாப் உன் மடியில் இருந்தது. ஒண்ணுமில்லப்பா என்றாய். மூன்று வாரம் நானும் உன்னிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் ஊரிலும் ஓர் எறும்பு டாக்டர் இருப்பார். போய்க் காட்டு. என்ன சொன்னார் என்று காகிதத்தில் எழுதி அனுப்பு. பெரிய எழுத்தாக எழுது. நானே படிப்பேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டுவேன்.

நிமிர்ந்த கழுத்தோடு நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அப்பா
(இது கையெழுத்து. ரேகை இல்லை.)