பிரண்டையும் வெள்ளை மாத்திரையும்

11.7.94, திங்கள்
விடிந்ததிலிருந்து காற்று. மருந்துக்கடை அலமாரியை மூன்று முறை துடைத்தாயிற்று, மூன்று முறையும் புழுதி. பஞ்சு, இருமல் மருந்து, ஓ.ஆர்.எஸ். தீர்ந்துவிட்டன. ஆர்டர் போட வேண்டும்.

பதினொரு மணிக்கு ருக்குமணியக்கா. எதிர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகள் சாந்தி தோளைப் பிடித்து நடத்தி வந்தாள். சனிக்கிழமை பீஸ் கட்டைத் தூக்கக் குனிந்தபோது முதுகில் 'படக்' என்றதாம். கையில் எக்ஸ்ரே.

"எலும்பு கரஞ்சு போச்சுங்கறாரு டாக்டரு. அம்பத்தொரு வயசுல இப்படி ஆகுமா கண்ணு?"

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டாருங்களா?"

"கேட்டாரு. வலி மாத்திரைன்னேன். எப்பவும் குடுப்பியே, அந்த வெள்ளை மாத்திரை, அதுல பத்து குடு."

கொடுத்தேன்.

மூன்று வருஷம் முன்பு அக்காவின் மூட்டு வீக்கத்துக்கு ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதியது. அப்புறம் சீட்டே இல்லை. அக்கா கேட்பார், நான் கொடுப்பேன். ஸ்டீராய்டு. வீக்கத்தை அடக்கும், எலும்பை அரிக்கும். டி.பார்ம். பரீட்சையில் நானே எழுதிய பதில்.

12.7, செவ்வாய்
தூக்கம் சரியில்லை. பழைய பாடப்புத்தகம், இரண்டு மருத்துவப் பத்திரிகை. குறிப்பு:
மஞ்சள் - குர்குமின். வீக்கம் குறைக்கும்.
இஞ்சி - அதேபோல.
பிரண்டை - எலும்பு முறிவுக்கு நம் பக்கம் அரைத்துக் கட்டுவது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம்.
வீக்கமும் குறைந்து எலும்பும் கரையாமல் இருந்தால்? எங்கு பார்த்தாலும் 'இருக்கலாம்', 'தெரியவில்லை'. ஆனாலும் மனசு 'இருக்கலாம்' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறது.

சீட்டில்லாமல் இனிக் கொடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன், கடை அவர் பேரில். "நாம குடுக்காட்டி அடுத்த கடையில வாங்கிக்குவாங்க, பாத்திமா." பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

13.7, புதன்
மதிய இடைவேளையில் ருக்குமணியக்கா வீட்டுக்குப் போனேன். பலகைக் கட்டிலில் படுத்திருந்தார். வெள்ளை மாத்திரையை விட்டுவிடச் சொன்னேன். தினமும் பிரண்டைத் துவையல், பாலில் மஞ்சள். இனிமேல் எலும்புக்கு இதுதான்.

"அட, வேலியில சும்மா கெடக்குது. முன்னயே சொல்லக்கூடாதா கண்ணு?" முகமெல்லாம் சிரிப்பு.

ஏன் விட வேண்டும் என்று சொல்லவில்லை. மீதி மாத்திரையைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். திரும்பும்போது நடை லேசாக இருந்தது.

15.7, வெள்ளி
காற்று நிற்கவில்லை. ஓ.ஆர்.எஸ். வந்தது, பஞ்சு வரவில்லை.

சாந்தி வந்தாள். "அம்மா சோறே உங்கறதில்லீங்கக்கா. எந்திரிச்சா கிறுகிறுங்குதாம். வாந்தி வேற."

துவையல் வயிற்றுக்குப் புதுசு, இரண்டு நாளில் சரியாகும் என்றேன். ஓ.ஆர்.எஸ். இரண்டு பொட்டலம்.

போன பிறகு ஏதோ உறுத்தல். எதையோ மறந்த மாதிரி. என்ன?

16.7, சனி
எழுதிவிட வேண்டும்.

ஒன்பதரைக்குக் கம்பெனி வாட்ச்மேன் வந்து சொன்னார்: ருக்குமணியம்மா வீட்டு வாசலிலேயே மயங்கி விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அந்த நொடியில் ஞாபகம் வந்தது. ரொம்ப நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. உடம்பு அதைத் தானாகச் சுரக்க மறந்திருக்கும். அதுவும் அதே பாடம். அடுத்த பக்கம்.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பிரஷர் ஏறவில்லை. டாக்டர் சாந்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "என்னம்மா சாப்பிட்டாங்க?"

"பிரண்டைத் தொவையல்தானுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

"இல்லை டாக்டர். மூணு வருஷமா ஸ்டீராய்டு. புதன்கிழமை நிறுத்தினது. நிறுத்தச் சொன்னது நான். மூணு வருஷமும் சீட்டில்லாமக் குடுத்ததும் நான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். நர்சிடம் ஸ்டீராய்டு ஊசி கேட்டார். மதியத்துக்கு மேல் பிரஷர் ஏறியது. அக்கா கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

சாந்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

18.7, திங்கள்
அக்காவைப் பார்க்கப் போனேன். முழுக்கச் சொன்னேன், முதுகெலும்பு கரைந்தது வரைக்கும்.

"மாதவிலக்கு நின்ன பிறகு எலும்பு தன்னால கொஞ்சம் கரையுமுங்க. இந்த மாத்திரை அதை அதிகமாக்கியிருக்கும்."

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"ஆமாங்கக்கா."

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்துவிட்டேன்.

20.7, புதன்
சாந்தி சீட்டோடு வந்தாள். வெள்ளை மாத்திரைதான், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த. கூடவே சுண்ணாம்புச் சத்து மாத்திரை. ஒவ்வொரு உறையிலும் தேதி எழுதிக் கொடுத்தேன்.

"அம்மா திட்டுச்சுங்களா?"

"திட்டலீங்க. பேசறதேயில்ல." உறைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மனசு ஓயவில்லை. வெள்ளை மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்குகிறவர்கள், ஞாபகத்திலிருந்து: கட்டிங் மாஸ்டர் ஜி.; ஓவர்லாக் தையல் எஸ்.; சாயப்பட்டறை கே.; தாராபுரத்திலிருந்து வரும் பெரியம்மா, பேர் தெரியாது. நாலு பேர். இல்லை, ஐந்து; இன்னொருவர் முகம்தான் நினைவில் இருக்கிறது.

21.7, வியாழன்
வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறேன் என்றதும் அண்ணன் கத்தினார். "ஊடு ஊடாப் போயி நம்ம கடை மானத்தை நீயே ஏலம் போடுவியா?"

போடுவேன் என்றேன்.

முதலில் எஸ். வீடு. காம்பவுண்டு வரிசையில் கடைசிக் கதவு. ஒரு நாள் லீவாம், துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, கடைக்காரக்கா! மாத்திரை கொண்டாந்தீங்களா?"

"இல்லீங்க. கையைத் தொடச்சுட்டு உக்காருங்க. அந்த மாத்திரையை இன்னைக்கே நிறுத்திடாதீங்க, ஆனா நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வாங்க. ஏன்னு சொல்றேன்."