அப்பாவின் முதல் மனைவி என்று நான் நம்பிய அத்தைக்கு

என் சரசு அத்தை,

மேலே எழுதியிருப்பதைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் சிரிக்க அவ்வளவாக ஒன்றுமில்லை.

தம்பிக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது. நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த பிரபுவுக்குத்தான். பெண் சென்னிமலைப் பக்கம். அதிகம் பேசமாட்டாள்; பேசினால் இவன் வாயடைத்துப் போகிறான். உங்களுக்கு அவளைப் பிடித்திருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. ஒன்று மட்டும்தான் முடிவாகவில்லை. இணைச்சீருக்கு மாப்பிள்ளையோடு யார் நிற்பது?

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். நம் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவன் கூடப்பிறந்தவளையும் சேர்த்து நிறுத்திச் செய்கிற சீர் அது. அவளுக்கும் பட்டுச்சேலை, நகை, தலை நிறையப் பூ. மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், இன்னொரு முனை அவள் கையில். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் அவள்தான் மணப்பெண் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆறு வயதில் எனக்கு ஏது விவரம்?

அப்பாவின் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் முதலில் அப்பாவும் நீங்களும்தான் நிற்பீர்கள். அம்மா வருவதற்குள் பாதி ஆல்பம் தீர்ந்துவிடும். ஆகவே அப்பா முதலில் உங்களைக் கட்டிக்கொண்டார், பிறகு என்னவோ ஆகி அம்மாவையும் கட்டிக்கொண்டார் என்று நான் முடிவு செய்தேன்.

ஆதாரங்களுக்கும் குறைவில்லை. நீங்கள் நம் வீட்டில்தான் இருந்தீர்கள், வாசலை ஒட்டிய முன்னறையில். அப்பாவை அதட்டும் தைரியம் அந்த வீட்டில் உங்கள் ஒருவருக்குத்தான் இருந்தது. அவரும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கட்டிக்கொள்வார். கட்டின பெண்டாட்டியைத் தவிர வேறு யார் அப்படித் திட்டுவார்கள்? அம்மாவும் நீங்களும் தேவைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. சக்களத்திகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று டிவி சீரியல் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தேன்.

படத்தில் அவ்வளவு அழகாக இருந்தவரை அப்பா ஏன் விட்டார் என்பதுதான் விளங்கவில்லை. ஆல்பத்தையும் உங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து அதையும் கண்டுபிடித்தேன். படத்தில் உங்கள் நெற்றியில் பெரிய பொட்டு இருந்தது. இப்போது இல்லை. நீங்கள் பொட்டு வைக்க மறந்துவிட்டீர்கள், அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது, அவ்வளவுதான். மாமா என்று ஒருவர் இருந்ததையும், நான் பிறப்பதற்கு முன்பே லாரி மோதி அவர் இறந்ததையும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைவிருக்கிறதா அத்தை? நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தீர்கள். அம்மா கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் பெரியதாக ஒன்றை எடுத்து வந்து உங்கள் நெற்றியில் அழுத்தி ஒட்டினேன். எழுந்தவர் முகத்தைக்கூடக் கழுவாமல் பால் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டீர்கள். நானும் பின்னாலேயே ஓடி வந்தேன். தெருவில் எல்லோரும் உங்களையே பார்த்தார்கள். கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே பால் பாக்கெட்டை நீட்டினார். பொட்டு வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. எதுக்குக் கண்ணு இப்படிப் பண்ணினாய் என்று கேட்டீர்கள். நான் என் ஆராய்ச்சி முழுவதையும் சொன்னேன். நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தீர்கள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானை எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பிறகு பொட்டை உரித்து என் நெற்றியில் ஒட்டினீர்கள்.

"உனக்குத்தான் கண்ணு இது நல்லாயிருக்குது."

நான் நம்பியது தப்பு என்று அன்றைக்கு நீங்கள் சொல்லவே இல்லை. ஏன் அத்தை? சொன்னால் மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்றா? இல்லை, ஒரு குழந்தையின் கணக்கிலாவது எல்லாம் ஒரு பொட்டில் சரியாகிவிடும் என்று இருக்கட்டுமே என்றா?

சித்தப்பா கல்யாணத்தில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. மேடையில் சித்தப்பாவோடு ஒன்றுவிட்ட அத்தை ஒருவர் பட்டுச்சேலையும் நகையுமாக நின்றார். சித்தப்பாவும் இரண்டு பேரைக் கட்டுகிறார் என்று பதறிப்போய் உங்களைத் தேடினேன். மண்டபத்துச் சமையல்கட்டில், வேலைக்கு வந்த பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். விஷயத்தைக் காதோடு சொன்னேன். ஏற்கனவே அப்பாவைக் கட்டிக்கொண்டதால்தான் உங்களைச் சித்தப்பாவோடு நிறுத்தவில்லையா என்றும் கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

"அது கண்ணாலம் இல்ல அம்மணி," என்றீர்கள். "எனக்குப் பொண்டாட்டி வந்தாலும் பொறந்தவள மறக்கமாட்டேன்னு, ஊரறிய நின்னு சொல்றது."

அப்படியானால் நீங்கள் ஏன் அங்கே நிற்கவில்லை என்று கேட்டேன். வெங்காயத்தை யார் உரிப்பது என்று திருப்பிக் கேட்டீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயம் பக்கத்திலேயே இருந்ததால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

முதல் தப்பு அன்றோடு போயிற்று. ஆனால் அதே இடத்தில் இரண்டாவது தப்பு ஒன்று முளைத்தது. உங்களைச் சமையல்கட்டுக்கு அனுப்பியது அம்மாதான் என்று நம்ப ஆரம்பித்தேன். இரண்டு பேருக்கும் ஆகாதே, வேறு யார் அனுப்பியிருக்கப் போகிறார்கள்? இதை யாரிடமும் கேட்காமல், வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போய்த் திரும்பி வந்த பிறகும் நம்பிக்கொண்டே இருந்தேன்.

ஆமாம், திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு நடந்த சங்கதி இது. நானும் அவரும் கோர்ட்டில் பிரிந்துவிட்டோம். யார் மேல் தப்பு என்று சொந்தபந்தம் இன்னும் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருக்கிறது. எங்கள் இருவருக்கும்தான் அதில் ஆர்வம் போய்விட்டது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. ஊருக்கெல்லாம் பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாயங்காலம் உங்கள் முன்னறைக்கு வந்து படுத்துக்கொள்கிறேன். முன்னறையில் ஒரு பெண் தனியாக இருக்கிறாளே என்று எதிர்வீட்டுக் குழந்தை என்னைப் பற்றி என்ன கதை கட்டிவைத்திருக்கிறதோ.

இப்போது இணைச்சீருக்கு நான் நிற்கக் கூடாதாம். புருஷனை விட்டு வந்தவள் சீரில் நிற்பது நல்லதில்லை என்று சித்தப்பா வீட்டில் பேச்சு. சித்தப்பா மகள் நிற்கட்டும் என்கிறார்கள். அக்கா நிற்காவிட்டால் சீரே வேண்டாம் என்று பிரபு முறுக்கிக்கொண்டு நிற்கிறான். சீரை நடத்தி வைக்கும் அருமைக்காரர், குடும்பத்தில் பேசிச் சொல்லுங்கள் என்று நழுவிவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை, யாரை வேண்டுமானாலும் நிறுத்துங்கள் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். சுத்தப் பொய். எனக்கு நெஞ்சு எரிகிறது, அத்தை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அதே பேச்சை எடுத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சித்தப்பா மகளே நிற்கட்டும் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு அத்தையை அனுப்பினீர்கள், இன்றைக்கு என்னையா என்று கேட்டுவிட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"உங்கம்மா இல்ல கண்ணு. நான்தான் அக்காளப் போகச் சொன்னேன். பொண்ணு ஊட்டுக்காரங்க எதாச்சும் சொல்லுவாங்கன்னு பயந்துபோட்டேன். உங்கம்மா அனுப்ப வேண்டாங்கன்னு சொன்னா, நான் கேக்கல."

பிறகு இதையும் சொன்னார்.

"அக்கா ஒரு வார்த்த எதுத்துப் பேசல. ஆனா அன்னைக்கோட என்னையத் திட்டறத உட்டுப்போட்டா."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். நான் பெரியவளான பிறகு நீங்கள் அப்பாவை அதட்டி ஒரு நாளும் கேட்டதில்லை. வயதாகிவிட்டது, சாந்தமாகிவிட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்புத்தானா?

பிறந்தவளை மறக்கமாட்டேன் என்று உங்களோடு சேலை பிடித்து நின்ற கை, சமையல்கட்டைக் காட்டியபோது உங்களுக்கு எப்படி இருந்தது? அதற்குப் பிறகும் எத்தனை வருஷம் அவருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தீர்கள்.

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அன்றைக்கு நாத்தனார் வெங்காயம் உரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொன்னாள். நான் மேடையில் நிற்கும்போது கீழே எவளாவது முணுமுணுத்து, அது என் காதில் விழுந்தால் தன்னால் தாங்க முடியாது என்று அழுதாள். உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது பகை என்று இத்தனை நாள் நினைத்தேன். பொட்டும் பூவுமாக உங்கள் முகத்தைப் பார்க்க அவளுக்கு முதலிலிருந்தே கூச்சமாக இருந்திருக்கிறது; அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இன்னும் அதிகமாக.

அப்பா என்னை நிற்கச் சொல்கிறார். ஆனால் சித்தப்பாவிடம் அதைச் சொல்ல இன்னும் அவருக்கு வாய் வரவில்லை. சொல்கிறேன், சொல்கிறேன் என்று காலையில் போனை எடுப்பார், வெளியே போய்ப் பேச்சை மழைக்கும் மாட்டுக்கும் திருப்பிவிட்டு வருவார். கல்யாணம் நெருங்கிவிட்டது. இவரை நம்பலாமா அத்தை? நீங்கள் இருந்திருந்தால் என்னிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? எதுக்குக் கண்ணு வம்பு என்பீர்களோ என்று பயமாகக்கூட இருக்கிறது.

அதனால் நீங்கள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். என்னை மேடைக்குக் கூப்பிட்டால் உங்கள் இணைச்சீர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு போய், தம்பி பக்கத்தில் நிமிர்ந்து நிற்பேன். அம்மா அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். கூப்பிடாவிட்டாலும் அதே சேலையைத்தான் கட்டுவேன். பெரிய பொட்டு வைத்துக்கொண்டு முன்வரிசையில், அப்பாவின் கண்ணில் படுகிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சமையல்கட்டுப் பக்கம் போகமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம். வெங்காயத்தை வேறு யாராவது உரித்துக்கொள்ளட்டும்.

உங்கள் நெற்றியில் பொட்டு ஒட்டிய,
உங்கள் தம்பி மகள்
கவிதா